மேடைக்குக் கீழே ஒரு பொறுப்பேற்பு: நெய்வேலியின் சேவைச் சங்கங்களும் நிர்வாகிகளின் மனைவியரும்

ஜூலை பிறந்ததும் நெய்வேலி நகரியத்தில் பதவியேற்பு விழாக்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஆண்டு என்பது ஜூலை 1 முதல் மறுவருடம் ஜூன் 30 வரை. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கு ஓராண்டுதான் பதவிக்காலம். ஆகவே ஒவ்வொரு சங்கத்திலும் இதே பருவத்தில் புது நிர்வாகம் அமைய வேண்டும், அதற்கு ஒரு விழாவும் நடக்க வேண்டும். ஆனி முகூர்த்தங்கள் முடியும்வரை மண்டபம் கிடைப்பது கஷ்டம். ஆடி பிறந்துவிட்டால் மண்டபம் கிடைக்கும், சிறப்பு விருந்தினரின் தேதி கிடைக்காது. இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு மாலையைப் பிடித்து, அழைப்பிதழ் அடித்து, ஃபிளெக்ஸ் கட்டி, இரவுச் சாப்பாட்டுக்கும் சொல்லிவிடுகிறார்கள்.

ஜூலை 1 என்ற தேதி கணக்கு முடிக்கும் வசதிக்காக வந்தது. ரோட்டரியின் தொடக்க காலத்தில் ஆண்டு என்பது ஆகஸ்டு மாத மாநாட்டை ஒட்டித் தொடங்கியது. மாநாட்டுக்கு முன்பே செயலாளரும் பொருளாளரும் கணக்கறிக்கை தயாரிக்க அவகாசம் வேண்டும் என்று கருதி, 1913-இல் ஜூன் 30-ஐ ஆண்டு முடிவாக வைத்தார்கள். அமெரிக்காவில் அது கோடை விடுமுறைக் காலம். நம் ஊரில் ஜூன் என்பது பள்ளி திறக்கும் மாதம். புத்தகத்துக்கு அட்டை போடுவது, சீருடை தைக்கக் கொடுப்பது, பஸ் பாஸ் எடுப்பது என்று வீட்டில் பெண்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத அதே வாரங்களில்தான் பதவியேற்பு விழாவின் வேலையும் வந்து சேர்கிறது.

மேடையில் என்ன நடக்கிறது என்பதைச் சங்கங்களே முறையாகப் பதிவு செய்துவைக்கின்றன. தீர்மானப் புத்தகம் இருக்கிறது, ஆண்டறிக்கை இருக்கிறது, புகைப்பட ஆல்பம் இருக்கிறது. மேடையேறுபவரின் மனைவி அன்று மாலை என்ன செய்கிறார், அடுத்த பன்னிரண்டு மாதங்கள் என்ன செய்யப்போகிறார் என்பதற்கு மட்டும் பதிவே இல்லை. நெய்வேலியில் ஒரு சங்க நிர்வாகியின் மனைவியாக இந்த விழாக்களில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இச்சங்கங்களின் வரலாற்றையும் மனைவியரின் உழைப்பு பற்றிய சமூகவியல் ஆய்வுகளையும் அதன்பிறகு தேடிப் படித்தேன். பதவியேற்பு விழாவில் இரண்டு கைமாற்றங்கள் நடக்கின்றன என்பதே நான் கண்டுகொண்டது. ஒன்று மேடையில், நிர்வாகிகளுக்கு இடையே. இன்னொன்று சாப்பாட்டுக் கூடத்தில், அவர்களுடைய மனைவியருக்கு இடையே. சங்கத்தின் சேவை அறுந்துபோகாமல் ஓடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கைமாற்றத்தால்தான்.

மேடையில் நடப்பதை முதலில் பார்ப்போம். தமிழ்த்தாய் வாழ்த்து, இறைவணக்கம், பிறகு குத்துவிளக்கு. ரோட்டரியாக இருந்தால் நான்கு கேள்விகள் கொண்ட நான்குவழிச் சோதனையை எல்லோரும் எழுந்து நின்று சொல்வார்கள். நொடித்துப் போகும் நிலையில் இருந்த ஒரு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த, சிகாகோவைச் சேர்ந்த ஹெர்பர்ட் டெய்லர் 1932-இல் எழுதியது அது. செயலாளர் ஆண்டறிக்கை வாசிப்பார். பதவியேற்பு அதிகாரி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அந்தந்தப் பதவியின் கடமைகளைச் சொல்லி உறுதிமொழி வாங்குவார். பழைய தலைவர் தன் கழுத்திலிருக்கும் காலரைக் கழற்றிப் புதியவருக்கு அணிவிப்பார். சங்கங்களின் பெயர் பொறித்த பட்டைகள் தொங்கும் அந்தக் காலர் நல்ல கனம். மணி அடித்துக் கூட்டத்தைத் தொடர்வது புதுத் தலைவரின் முதல் வேலை.

அப்போதுதான் மனைவியை மேடைக்கு அழைப்பார்கள். அதுவரை அவர் கீழே முதல் வரிசை சோபாவில் இருப்பார். பழைய தலைவரின் மனைவி ஒரு சிறு பின்னை எடுத்துப் புதிய தலைவரின் மனைவிக்குக் குத்திவிடுவார். பட்டுச் சேலையில் கண்ட இடத்தில் குத்தினால் இழை இழுத்துக்கொள்ளும். அதனால் தோளில் முந்தானை மடிப்புகள் ஒன்றாகச் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் குத்துவார்கள். ஒரு பூங்கொத்து, ஒரு புகைப்படம். பிறகு இருவரும் இறங்கிவிடுவார்கள். உறுதிமொழி கிடையாது, கடமைகளின் பட்டியலும் வாசிக்கப்படுவதில்லை. ரோட்டரி, லயன்ஸ் இரண்டின் மாதிரி விதிமுறைகளிலும் நிர்வாகியின் மனைவிக்கென்று பதவி ஏதும் இல்லாததால், அவரிடம் உறுதிமொழி வாங்க வழியும் இல்லை.

இந்த இடம் எப்படி உருவானது என்பதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. பால் ஹாரிஸ் 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் ரோட்டரியைத் தொடங்கியபோது அது ஆண்களின் சங்கம். 1914-இல் ஹூஸ்டன் மாநாட்டுக்குச் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய ரயிலில் புரூனியர் என்ற உறுப்பினர் தன் மனைவி ஆனை அழைத்து வந்தார். பயணத்தின் பெரும்பகுதியில் அந்த வண்டியில் அவர் ஒருவரே பெண். உடன் வந்தவர்கள் அவரை ‘ரோட்டரி ஆன்’ என்று அழைத்தார்கள். மாநாட்டில் பிலடெல்பியாவின் குண்டேக்கரின் மனைவிக்கும் அதே பெயர் என்று தெரிந்ததும் அழைப்பு நிலைத்துவிட்டது. குண்டேக்கர் 1923-இலும் புரூனியர் 1952-இலும் ரோட்டரியின் உலகத் தலைவர்களானார்கள். தமிழ்நாட்டு அழைப்பிதழ்களில் இன்றும் ‘ஆன்ஸ்’ என்று அச்சாவது அந்த இரண்டு பெண்களின் பெயர்தான்.

இங்கிலாந்தில் வேறொன்று நடந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் கணவர்களின் சேவைப் பணிகளில் கைகொடுத்த பெண்கள், போர் முடிந்த பிறகும் அதை விட மனமில்லாமல் இருந்தார்கள். 1923 நவம்பர் 15 அன்று மான்செஸ்டரில், கூட்டம் நடத்த இடம் கிடைக்காமல், துருக்கியக் குளியல் நிலையம் ஒன்றின் அறையில் 27 பெண்கள் கூடினார்கள். முன்னின்றவர் மார்கரெட் கோல்டிங், செவிலியராகப் பயிற்சி பெற்றவர். 1924 ஜனவரி 10 அன்று இன்னர் வீல் சங்கம் முறையாகத் தொடங்கியது. தங்களுக்கென்று தலைவி, தங்களுக்கென்று கணக்கு, தங்களுக்கென்று காலர். இந்தியாவில் முதல் இன்னர் வீல் சங்கம் 1955-இல் அகமதாபாத்தில் அமைந்தது. ஆனாலும் ரோட்டரி உறுப்பினரின் வீட்டுப் பெண் என்ற உறவுதான் நீண்ட காலம் அதற்கும் நுழைவுச் சீட்டாக இருந்தது. மனைவியரின் உழைப்பு அங்கே பதிவேறியது, மனைவி என்ற தகுதியின் பேரில்.

பெண்களை நேரடியாக உறுப்பினராக்க வேண்டும் என்ற குரல் மேற்கிலிருந்து மட்டும் வந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். ரோட்டரியின் அமைப்பு விதியிலிருந்து ‘ஆண்’ என்ற சொல்லை நீக்கக் கோரி 1950-இலேயே தீர்மானம் முன்மொழிந்தது இந்தியாவின் ஒரு சங்கம். 1964-இல் அதே நோக்கத்தோடு ஒரு தீர்மானம் இலங்கையிலிருந்து போனது. பிரதிநிதிகள் வாக்களித்து அதைத் திரும்பப் பெறச் செய்தார்கள். நம் பக்கத்திலிருந்து எழுந்த இந்த இரண்டு கோரிக்கைகளும் சங்க வரலாறு பேசப்படும் எந்த மேடையிலும் என் காதில் விழுந்ததில்லை. விழ வேண்டும் என்று விரும்புகிறேன். கடைசியில் கதவு திறந்தது நீதிமன்றத்தின் வழியாக. கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் 1977-இல் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக அடுத்த ஆண்டு விலக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே 4 அன்று சங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. சில்வியா விட்லாக் அங்கே தலைவரானார், ரோட்டரிச் சங்கம் ஒன்றின் முதல் பெண் தலைவர் அவர். லயன்ஸும் அதே 1987-இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. ரோட்டரி 1989-இல் உலகம் முழுமைக்கும் விதியை மாற்றியது.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய பொருள் தென்பட்டதிலிருந்து இந்த ஊரின் கதை தொடங்குகிறது. 1956 நவம்பர் 14 அன்று பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. இந்தியாவின் முதல் லயன்ஸ் சங்கம் பம்பாயில் தொடங்கியதும் அதே 1956-இல்தான். 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, அடுத்த ஆண்டு மின்சாரம் வந்தது. வரிசை வரிசையாக அளந்து போட்ட வட்டங்களில் வீடுகள் எழுந்தன. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரம் எனப் பிற மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அவற்றில் குடியேறினார்கள். அவர்களுக்காகத் தங்கள் நிலத்தையும் ஊரையும் விட்டுப் போனவர்கள் சுற்றுப்புறக் கிராமங்களில் இருக்கிறார்கள். இன்று சங்கங்கள் மருத்துவ முகாம் போடும் ஊர்களில் பல அவர்களுடையவை. சேவை என்று நாம் அழைப்பது அங்கே கடன் தீர்ப்பதும் ஆகிறது என்பதை மறக்காமல் இருப்பது நல்லது.

உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாத குடும்பங்கள் நிறைந்த இந்த ஊரில் சங்கம் என்பது உறவு வட்டம். பிரசவத்துக்கு ஓடி வரவும், கணவர் இரவு ஷிஃப்டில் இருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்கூட்டரை எடுக்கவும் ஆள் கிடைத்தது சங்கத்துக் குடும்பங்களில். ரோட்டரியின் ஆதிக் கொள்கை, ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது. ஒரே நிறுவனத்தை நம்பி வாழும் ஊருக்கு அது பொருந்தாது என்றுதான் தோன்றும். விதி பின்னாளில் தளர்ந்ததால், சுரங்கப் பொறியாளர், அனல் மின் நிலையக்காரர், இந்திரா நகர் ஜவுளிக்கடைக்காரர், மந்தாரக்குப்பத்து ஒப்பந்ததாரர், பல் மருத்துவர் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார முடிந்தது. நகரியத்துக்குள் இருப்பவருக்கும் அதன் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருப்பவருக்கும் வேறெங்கும் இப்படி ஒரு பொது இடம் அமைவது அரிது.

நிறுவன நகரியங்களில் பெண்ணுக்கு ஒரு சங்கடம் உண்டு. வீட்டின் டைப்பும் அது இருக்கும் வட்டமும் கணவரின் பதவியைச் சொல்லிவிடும். அவளை அறிமுகப்படுத்துவதும் அந்தப் பதவியை வைத்துத்தான்: “சீஃப் மேனேஜர் சார் வீட்டு மேடம்.” அவள் பள்ளி ஆசிரியையாகவோ செவிலியராகவோ, ஏன், அதே நிறுவனத்தில் பொறியாளராகவோ இருந்தாலும் மாலை நேரக் கூட்டங்களில் இந்த அறிமுகம் மாறுவதில்லை. சேவைச் சங்கத்தின் ஆண்டு இந்த வரிசையைக் குலைக்கிறது. இளநிலை அதிகாரி ஒருவர் தலைவரானால் அவர் மனைவி முன் சோபாவில் இருப்பார். கணவருக்கு மேலதிகாரியாக இருப்பவரின் மனைவி மூன்றாம் வரிசையில் இருப்பார். இருவரும் அதைப் பெரிதுபடுத்தாமல், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லியும் அக்கா என்றும் அழைக்கப் பழகுவதை நான் கண்டிருக்கிறேன். இந்த ஊரில் அது சாதாரண விஷயமல்ல. ஓராண்டு முடிந்து இடம் மாறினாலும், பழகிய அந்த அழைப்பு பெரும்பாலும் மாறாமலே இருக்கிறது.

கணவரின் பதவியோடு பிணைந்த மனைவியின் இந்த நிலையைச் சமூகவியல் ஆராய்ந்திருக்கிறது. ஹன்னா பாபனெக் என்ற ஆய்வாளர் 1973-இல் அமெரிக்கச் சமூகவியல் ஆய்விதழில் எழுதிய கட்டுரை இதில் முன்னோடி. ஒரு நிறுவனம் ஒருவரை மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டு, கணவன் மனைவி இருவரின் உழைப்பையும் பெற்றுக்கொள்ளும் முறையை ‘இருவர் சேர்ந்து பார்க்கும் ஒரு வேலை’ என்று அவர் விளக்கினார். பாகிஸ்தானில் பெண்களின் வாழ்க்கையை ஆராய்ந்தவர் என்பதால் அவர் பார்வை அமெரிக்காவோடு நிற்கவில்லை. குடும்பத்தின் மதிப்பை உருவாக்கவும் காப்பாற்றவும் பெண்கள் செய்வதும் உழைப்பே, அதை வேலையின் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஆய்வாளர்களின் பிழை என்று 1979-இல் மேலும் எழுதினார். விருந்தோம்பல், விசாரிப்பு, மரியாதை தப்பாமல் அழைப்பது, நல்லது கெட்டதுக்குப் போய் நிற்பது எல்லாம் அதில் அடங்கும். நம் வீடுகளில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1977-இல் ரோசபெத் காண்டர், ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தைப் பற்றிய நூலில் மனைவியருக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கினார். கணவர் உயர உயர, மனைவியின் நட்பும் விருந்தும் அவளுடைய சொந்த விஷயமாக இருப்பது நின்று, நிறுவனத்தின் காரியமாகிவிடுகிறது என்று காட்டினார். ஹிலரி காலனும் ஷெர்லி ஆர்ட்னரும் 1984-இல் தொகுத்த நூல் காலனி ஆட்சி அதிகாரிகள் முதல் போலீசார் வரை பலரின் மனைவியரை இதே கண்ணோடு பார்த்தது. இந்தியாவில் இதன் மிக முறையான வடிவம் இராணுவத்தில் இருக்கிறது. 1966-இல் பதிவான இராணுவ மனைவியர் நலச் சங்கத்துக்குத் தரைப்படைத் தளபதியின் மனைவியே தலைவர். கணவரின் பதவி மாறினால் அவர் பொறுப்பும் மாறும்.

சேவைச் சங்கம் இவற்றிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகிறது, அதனால் பாபனெக்கின் கருத்தை இங்கே கொஞ்சம் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும். இங்கே கணவருக்கும் சம்பளம் இல்லை. இருவரும் தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். அப்படியானால் வேறுபாடு எதில்? கணவர் கொடுத்த நேரம் ‘முன்னாள் தலைவர்’ என்ற பெயராக வாழ்நாள் முழுதும் அவரோடு வருகிறது. மனைவி கொடுத்த நேரம் ஜூன் 30 அன்று இருந்த இடம் தெரியாமல் போகிறது. சம்பளம் இல்லாத இங்கே நினைவில் இருப்பதுதான் கூலி. அந்தக் கூலி ஒருவருக்கு மட்டும் தரப்படுகிறது.

இதைப் பணத்திலும் பார்க்கலாம். ரோட்டரி அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுப்பவருக்குப் பால் ஹாரிஸ் பெல்லோ என்ற சிறப்பு உண்டு. லயன்ஸில் அதே ஆயிரம் டாலருக்கு மெல்வின் ஜோன்ஸ் பெல்லோ. மாதச் சம்பளக் குடும்பத்தில் அது மகளின் நகைச்சீட்டோடும் மகனின் கல்லூரிக் கட்டணத்தோடும் போட்டி போடும் தொகை. கொடுக்கலாம் என்று முடிவெடுப்பது சமையலறையில் இருவரும் சேர்ந்து. கணவர் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் ஏறும். மனைவியின் பெயரிலும் அப்படிக் கொடுக்க வழி இருக்கிறது. சிலர் கொடுக்கவும் செய்கிறார்கள், அவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் நடப்பதை இப்போது சொல்ல வேண்டும். நன்றியுரை முடிந்து, நாட்டுப்பண் பாடி, எல்லோரும் தட்டோடு வரிசையில் நிற்கும்போது பழைய தலைவரின் மனைவியும் புதியவரின் மனைவியும் ஒதுங்கி நின்று பேசுவார்கள். என் கணவர் பொறுப்பேற்ற ஆண்டில் அப்படி என்னை ஒதுக்கி நிறுத்திப் பேசியவரின் குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “அக்கா, வீல் சேர் குடுத்தமே, அந்தம்மாவுக்கு முன்சக்கரம் ஆடுது, ஒரு ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க. தையல் மெஷின் வாங்குன பொண்ணு இப்ப மாமியார் ஊருக்குப் போயிடுச்சு, மெஷின் இங்கதான் கெடக்கு, கேட்டா வேற யாருக்காவது குடுத்துடும். ஸ்காலர்ஷிப் பையனுக்கு ரெண்டாம் வருஷம் பீஸ் செப்டம்பர்ல வரும், அவங்கப்பா நேரா கேக்க மாட்டாரு, நீங்கதான் போன் பண்ணணும்.” கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தார். நோட்டின் பின்பக்கத்திலிருந்து ரத்த வகை வாரியாகப் பெயர்கள், எதிரே எந்த ஷிஃப்டில் இருப்பார்கள் என்ற குறிப்பு. நெகட்டிவ் வகைகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு.

செயலாளர்கள் கைமாற்றிக்கொண்ட கோப்பில் இந்த விவரம் எதுவும் இல்லை. அதில் ‘தையல் இயந்திரம் வழங்கப்பட்டது’ என்ற வரியும் புகைப்படமும் இருந்தன. அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை. கொடுத்த நாளோடு அது நின்றுவிட்டது, அவ்வளவே. சேவைத் திட்டத்துக்கு உயிர் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. இயந்திரம் ஓடுகிறதா, நூல் வாங்கக் காசு இருக்கிறதா, யாராவது துணி கொடுக்கிறார்களா என்று பார்ப்பவர் வேண்டும். நான் பார்த்தவரையில் அப்படிப் பார்த்தவர்களில் பலர் பெண்கள், அவர்களில் பலர் உறுப்பினர் அல்லாத மனைவியர்.

கண் சிகிச்சை முகாம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1925-இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் வேண்டுகோள் விடுத்ததிலிருந்து பார்வைப் பணி அந்தச் சங்கத்தின் முதன்மைப் பணிகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, உள்ளூர் அமைப்புகளோடு கைகோத்து முகாம் நடத்தும் முறையை வளர்த்தெடுத்தது. மருத்துவமனை பரிசோதனையும் அறுவைச் சிகிச்சையும் பார்த்துக்கொள்ளும். இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது போன்ற உள்ளூர் வேலைகளைப் பெரும்பாலும் ரோட்டரியோ லயன்ஸோ ஏற்கும். திரட்டுவது என்பது ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதோடு முடிவதில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு கிராமத்துப் பெண், தனியாகப் பேருந்து ஏறி வெளியூரில் தங்கி, கண்ணில் கத்தி வைக்கச் சம்மதிக்க வேண்டும். “நானும் கூட வர்றேன் ஆயா, பயப்படாதீங்க” என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஒரு பெண் தேவைப்படுகிறாள். முகாமில் எத்தனை பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது என்ற எண்ணிக்கை சங்கத்தின் மாவட்ட ஆளுநருக்குப் போகும் அறிக்கையில் ஏறும். திண்ணையில் உட்கார்ந்தவளின் பெயர் ஏறாது.

வேலை செய்யும் பெண்களுக்கு இது இரட்டைச் சுமை என்பதையும் சொல்ல வேண்டும். கணவர் பதவி ஏற்கிறார் என்றால் மனைவிக்கு நேரம் இருக்கிறது என்பது சங்கங்களின் பழைய ஊகம். பள்ளியில் எட்டு மணி நேரம் நின்று பாடம் நடத்திவிட்டு வருபவரிடம், “மேடம், கவர்னர் வர்றார், நீங்கதான் வரவேற்கணும்” என்றால் அவர் மறுக்க முடியாது. மறுத்தால் கணவருக்குக் குறை. இந்தக் கட்டாயத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். விரும்பிச் செய்பவரின் மகிழ்ச்சி எனக்குத் தெரியும், எனக்கும் அது கிடைத்தது. விரும்பாதவருக்கு விலகி இருக்கும் உரிமை வேண்டும், அதனால் கணவரின் மரியாதை குறையக் கூடாது.

நிலைமை மாறிக்கொண்டும் இருக்கிறது. லயன்ஸின் குடும்ப உறுப்பினர் திட்டத்தில் முதல் உறுப்பினர் முழுச் சந்தா கட்டினால், ஒரே வீட்டில் இருக்கும் மற்றவர்கள் நால்வர் வரை பன்னாட்டுச் சந்தாவில் பாதி கட்டிச் சேரலாம். இந்த வழியில் பல மனைவியர் உறுப்பினர்களாகி, பின்னர் தாங்களே நிர்வாகிகளாகியிருக்கிறார்கள். 2018-இல் ஐஸ்லாந்தின் குட்ருன் இங்வதோத்திர் லயன்ஸின் முதல் பெண் உலகத் தலைவரானார். 2022-இல் கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ் ரோட்டரியில் அந்த இடத்துக்கு வந்தார். நம் பக்கத்துச் சங்கங்களிலும் பெண்கள் காலர் அணிகிறார்கள். அப்போது அவர்களின் கணவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள், மேடைக்கும் வருகிறார்கள். ஆனால் நாற்பது பக்க நோட்டு அந்தக் கணவர்களிடம் கைமாறி நான் பார்த்ததில்லை. பெண் தலைவராக இருக்கும்போது அந்த நோட்டும் அவளிடமே இருக்கிறது.

நெய்வேலியில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. அறுபதில் ஓய்வு, அதன்பின் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சிலர் வடலூரிலும் கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடு கட்டிக்கொண்டு போகிறார்கள், சிலர் பிள்ளைகள் இருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும். சங்கத்தின் பொருட்கள் அலமாரியில் இருக்கும், தீர்மானப் புத்தகமும் இருக்கும். எந்தக் கிராமத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினால் திறப்பார்கள் என்ற அறிவு, பொருட்களை ஏற்றிய லாரியோடு போய்விடுகிறது. நிரந்தரக் குடிகள் உள்ள ஊரில் அது பக்கத்து வீட்டிலாவது தங்கும். இங்கே பக்கத்து வீட்டுக்காரரும் ஒருநாள் காலி செய்வார்.

ஆகவே என் கோரிக்கை நடைமுறை சார்ந்தது. செயலாளர் ஒப்படைக்கும் கோப்பில், உதவி பெற்றவர்களின் இன்றைய நிலை பற்றிய சில பக்கங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: யார் போய்ப் பார்த்தார், எப்போது பார்த்தார், அடுத்து என்ன தேவை. பார்த்தவர் உறுப்பினரோ இல்லையோ, அவர் பெயர் அங்கே எழுதப்பட வேண்டும். விழா மேடையில் செயலாளர் அறிக்கைக்குப் பிறகு, காலர் மாறுவதற்கு முன்பு, அந்தப் பக்கங்களை எழுதியவரே வாசிக்க ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். பொன்னாடைகளில் நான்கைந்தைக் குறைத்தாலே அந்த நேரம் கிடைத்துவிடும். வாசித்தவர் விரும்பினால் உறுப்பினர் விண்ணப்பமும் அன்றே தரலாம். விரும்பாவிட்டால் கேட்டு வற்புறுத்தக் கூடாது.